பதினோரு மாத விருந்தாளி

(பட்டிமன்றத் தலைப்பு: பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பிக்கத் தற்காலிக ஆசிரியரை அமர்த்துவது வசதியா? வஞ்சனையா? ‘வஞ்சனையே’ என்ற அணியில் நிகழ்த்திய உரை.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே! என் அணித் தோழர்களே! அரங்கம் நிறைந்த தமிழ்ப் பெருமக்களே! வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால், ஒரு கையில் காபியும் ஒரு காதில் குக்கர் விசிலுமாக உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! 

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி நல்லா பேசினார். கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஏன்னா அவர் ஒரு பெரிய போடு போட்டுட்டுப் போயிருக்கார். என்ன சொன்னார்? ‘தத்துவம் என்ன சொல்லுது? உலகமே நிலையில்லாததுன்னு சொல்லுது. நிலையாமையைச் சொல்லித்தர்ற ஆளுக்கு எதுக்கய்யா நிலையான வேலை? தற்காலிக வேலைதானே பொருத்தம்?’ என்று கேட்டுவிட்டார். (சிரிப்பு)

நடுவர் அவர்களே! வள்ளுவர் நிலையாமைக்கு ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். முப்பத்து நான்காவது அதிகாரம். செல்வம் நிலைக்காது என்கிறார். உடம்பு நிலைக்காது என்கிறார். நானும் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், ‘அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் நிலைக்காது’ என்று எங்கேயும் சொல்லவில்லையே! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சரி, தம்பி வழிக்கே வருவோம். நிலையாமை தத்துவ ஆசிரியருக்கு மட்டும்தானா? பொருளாதாரப் பேராசிரியர் உடம்பு நிலைக்குமா? பதிவாளர் உடம்பு? எல்லாருக்கும் நிலையாமை பொதுவா இருக்கும்போது, நிரந்தரச் சம்பளம் மட்டும் ஏன் சில பேருக்கு? பந்தியில எல்லாரும் ஒண்ணுதான்னு சொல்லிட்டு, பாயசம் மட்டும் ஒரு வரிசைக்கு ஊத்துற கதையா இருக்கே!

இந்தத் தலைப்பு ஏதோ பேராசிரியர்கள் சண்டை, நமக்கென்ன என்று வீட்டில் இருக்கிறவர்கள் நினைக்க வேண்டாம். உங்கள் பிள்ளை நாளைக்குப் போய் உட்காரப் போகிற வகுப்பு அது. அந்த வகுப்பில் நிற்கப் போகிறவர் யார், எந்த மனநிலையில் நிற்கிறார் என்பதுதான் பேச்சு.

முதலில் பெயரைப் பாருங்கள். நம்ம ஊரில் இந்தத் தற்காலிக ஆசிரியருக்கு என்ன பேரு? ‘கௌரவ விரிவுரையாளர்.’ ஆங்கிலத்தில் ‘கெஸ்ட் லெக்சரர்.’ விருந்தாளி!

ஒரு கல்யாணப் பேச்சு. தரகர் வந்து சொல்றார், ‘மாப்பிள்ளை கௌரவ விரிவுரையாளர்.’ பெண்ணைப் பெத்தவர் கேட்கிறார், ‘கௌரவம் இருக்கு, சரி. விரிவுரை இருக்கு, சரி. சம்பளம் இருக்கா?’ தரகர், ‘அது மணிக்கணக்குங்க’ என்கிறார். ‘மே மாசம்?’ ‘மே மாசம் மாப்பிள்ளை வீட்ல இருப்பார்ங்க.’ (சிரிப்பு) நாம சிரிக்கிறோம். அந்த மாப்பிள்ளை சிரிக்க மாட்டார். பல இடங்களில் பதினோரு மாதத்துக்குத்தான் ஆணை. பன்னிரண்டாவது மாதம் அவருக்கும் பசிக்கும், அவர் பிள்ளைக்கும் பசிக்கும் என்பது அந்தக் காகிதத்துக்குத் தெரியாது.

விருந்தோம்பல் நம்ம பண்பாடு. வள்ளுவர் அதற்கும் ஓர் அதிகாரம் வைத்தார். விருந்தாளி வந்தால் நாம என்ன செய்வோம்? நமக்கு இல்லேன்னாலும் அவருக்கு இலை போடுவோம். இங்கே என்ன நடக்குது? வீட்டுக்காரர்கள் எல்லாம் உட்கார்ந்து சாப்பிடறாங்க, விருந்தாளி பரிமாறிக்கிட்டே இருக்கார்! அதுவும் ஒருநாள் இரண்டுநாள் இல்லை. பத்து வருஷம், பன்னிரண்டு வருஷம். பன்னிரண்டு வருஷமா ஒரே வீட்டில் ஒருத்தர் வேலை செஞ்சுக்கிட்டு இருந்தா அவர் விருந்தாளியா? நீங்களே சொல்லுங்க! (கைதட்டல்)

கணக்குக்கு வருகிறேன். எதிரணித் தலைவி அம்மா, ‘கௌரவமான தொகைதான் கொடுக்கிறார்கள்’ என்றார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் என்ன நிர்ணயித்தது? விருந்து விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய். மாதத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. கேட்க நல்லாத்தான் இருக்கு. இப்ப ஒரு பென்சிலை எடுங்க. 33 வகுப்பு எடுத்தா 49,500 ரூபாய். 34-ஆவது வகுப்புக்கு மிச்சம் 500 ரூபாய். 35-ஆவது வகுப்புக்கு? சுழி! அதுக்கப்புறம் அவர் எடுக்கிறதெல்லாம் தர்ம வகுப்பு! அதே மானியக் குழு 2018-இல் போட்ட விதிப்படி முழுநேர உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. இவர் தலையிலும் அதே 16 மணியைக் கட்டினால் மாதத்துக்கு 64 வகுப்பு. பாதிக்குப் பாதி இலவசம். புதிதாகச் சேருகிற நிரந்தர உதவிப் பேராசிரியரின் அடிப்படைச் சம்பளம் மட்டுமே 57,700 ரூபாய். அதற்குமேல் படிகள் வேறு. விருந்தாளியின் உச்சவரம்பு, வீட்டுக்காரரின் தொடக்கத்தைக்கூடத் தொடவில்லை. நம் நாட்டில் பல இடங்களில் இந்த 50,000-கூடக் கைக்கு எட்டுவதில்லை என்பது இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிற பல பேருக்குச் சொல்லாமலே தெரியும்.

இது முறையா என்று நான் கேட்கவில்லை. சட்டமே கேட்டுவிட்டது. அந்த 2018 விதி தெளிவாகச் சொன்னது: ஒப்பந்த ஆசிரியரை முற்றிலும் தவிர்க்க முடியாதபோதுதான் அமர்த்த வேண்டும், மொத்த ஆசிரியர் இடங்களில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, தகுதியும் தேர்வு முறையும் நிரந்தர ஆசிரியருக்கு உள்ளதுபோலவே இருக்க வேண்டும், சம்பளமும் நிரந்தர உதவிப் பேராசிரியரின் மொத்தச் சம்பளத்துக்குக் குறையக் கூடாது. எழுத்தில் எவ்வளவு அழகு! 2016-இல் பஞ்சாப் மாநில வழக்கில் உச்ச நீதிமன்றம், சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கொள்கை தற்காலிக ஊழியருக்கும் உண்டு என்றது. 2025 ஆகஸ்டில் குஜராத் மாநில ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் வழக்கு. மாதம் 30,000 ரூபாயில் வருஷக்கணக்காக ஓட்டியவர்கள். உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? குருவைக் கடவுள் என்று மேடையில் சுலோகம் சொன்னால் போதாது, அவரை நடத்துகிற விதத்தில் அது தெரிய வேண்டும் என்ற கருத்தைச் சொல்லி, உதவிப் பேராசிரியருக்குரிய குறைந்தபட்ச ஊதிய விகிதத்தையாவது கொடு என்று உத்தரவு போட்டது. ஐயா, வாத்தியார் சம்பளம் வாங்க நீதிமன்றம் வரைக்கும் போகணும்னா, அவர் பாடத்தை எப்ப தயார் பண்ணுவார்? (கைதட்டல்)

அடுத்து, எதிரணி அடித்த பெரிய ஆணி. ‘தத்துவ ஞானி காசு கேட்கலாமா? சாக்ரடீஸ் சம்பளம் வாங்கினாரா? காண்ட் தற்காலிக ஆசிரியரா இருந்துதானே உலகப் பெரிய தத்துவ ஞானி ஆனார்?’

சாக்ரடீஸ் சம்பளம் வாங்கவில்லை. உண்மை. ஆனா சாக்ரடீஸுக்கு வருகைப் பதிவேடு உண்டா? மாதிரித் தேர்வுத் தாள் திருத்தினாரா? தேசியத் தர மதிப்பீட்டுக் குழு வருதுன்னு ராத்திரி பத்து மணி வரைக்கும் கோப்பு தயார் பண்ணினாரா? (சிரிப்பு) அவர் ஏதென்ஸ் நகர வீதியில் நின்னார், பிடிச்சவங்ககிட்ட பேசினார். அப்படி விட்டுட்டா நம்ம ஆளும் சம்பளம் கேட்க மாட்டார்! வேலை மட்டும் பல்கலைக்கழக வேலை, சம்பளம் மட்டும் சாக்ரடீஸ் சம்பளமா?

காண்ட் கதைக்கு வருவோம். எதிரணி பாதிக் கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டது. மீதிக் கதையை நான் சொல்கிறேன். இம்மானுவேல் காண்ட், கோனிக்ஸ்பர்க் நகரத்துக்காரர். 1724-இல் பிறந்தவர். 1755-இல் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த ஆரம்பித்தார். பதவி என்ன? பல்கலைக்கழகம் ஒரு காசு சம்பளம் தராது. வகுப்புக்கு வருகிற மாணவர்கள் தருகிற கட்டணம்தான் வருமானம். மாணவன் வந்தால் சாப்பாடு. அதனால் என்ன செய்தார்? தர்க்கம் நடத்தினார், கணிதம் நடத்தினார், பூகோளம் நடத்தினார். எது கேட்டாலும் நடத்தினார். 1758-இல் ஒரு பேராசிரியர் இடம் காலியானது. விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. 1766-இல் சிறு சம்பளத்துக்கு அரண்மனை நூலகத்தில் துணை நூலகர் வேலையும் சேர்த்துப் பார்த்தார். இப்படியே பதினைந்து வருஷம்! 1770-இல், நாற்பத்தாறு வயதில்தான் நிரந்தரப் பேராசிரியர் ஆனார்.

இப்ப நான் கேட்கிறேன். காண்டை உலகம் எதுக்காகக் கொண்டாடுது? ‘தூய அறிவு பற்றிய விமர்சனம்’ என்ற நூலுக்காக. அது எப்ப வந்தது? 1781-இல். நிரந்தர வேலை கிடைத்துப் பதினோரு வருஷம் கழித்து! நடுவில் பல வருஷம் பெரிதாக எதையும் வெளியிடவில்லை. உட்கார்ந்து யோசித்தார். ‘இந்த வருஷம் எத்தனை கட்டுரை போட்டீங்க?’ன்னு யாரும் வந்து கழுத்தைப் பிடிக்கவில்லை. ‘அடுத்த ஜூன்ல ஆர்டர் வருமா?’ன்னு அவர் ராத்திரி முழிக்கவில்லை. தற்காலிகத்தில் அவர் பிழைத்தார். நிரந்தரத்தில்தான் அவர் யோசித்தார்! எதிரணி கொண்டுவந்த சாட்சி, நடுவர் அவர்களே, என் கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்! (நீண்ட கைதட்டல்)

நானும் ஒரு சாட்சி கொண்டு வந்திருக்கிறேன். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். 1940-ஆம் ஆண்டு, நியூயார்க் நகரத்துச் சிட்டி காலேஜ். அந்த நகரத்து உயர்கல்வி வாரியம் அவரைத் தத்துவம் நடத்த அமர்த்தியது. எத்தனை நாளைக்கு? 1941 பிப்ரவரி முதல் 1942 ஜூன் வரை. ஒன்றரை வருஷம்கூட இல்லை. தற்காலிகம்! என்ன பாடம்? தர்க்கமும், கணிதத்தின் அடிப்படையும், அறிவியலும். அப்போதே அவர் உலகம் அறிந்த அறிஞர், வயது அறுபத்தேழு.

அறிவிப்பு வந்ததும் ஒரு பிஷப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். ‘கல்யாணத்தையும் ஒழுக்கத்தையும் பற்றி இந்த ஆள் எழுதியதெல்லாம் தப்பு, இவரிடம் பிள்ளைகளை விடலாமா?’ என்றார். புரூக்ளினில் இருந்து ஓர் அம்மா வழக்குப் போட்டார், ‘என் மகள் கெட்டுப் போவாள்’ என்று. இதில் வேடிக்கை என்னன்னா, ரஸ்ஸல் பாடம் நடத்த இருந்த பிரிவில் அந்தக் காலத்தில் பெண்களைச் சேர்ப்பதே கிடையாது! (சிரிப்பு) வராத பெண்ணுக்காக, நடக்காத வகுப்புக்கு ஒரு வழக்கு!

நீதிபதி நியமனத்தை ரத்து செய்தார். காரணம் மூன்று. ஒன்று, இவர் அமெரிக்கக் குடிமகன் இல்லை. இரண்டு, இவர் போட்டித் தேர்வு எழுதவில்லை. ரஸ்ஸலுக்குத் தர்க்கத்தில் போட்டித் தேர்வாம்! தேர்வுத்தாளை யார் தயார் பண்றது? அவரே எழுதின புத்தகத்திலிருந்துதானே கேள்வி எடுக்கணும்! (பலத்த சிரிப்பு) மூன்று, இவர் எழுத்து ஒழுக்கக் கேடு. அந்த வழக்கில் ரஸ்ஸல் ஒரு கட்சிக்காரரே இல்லை. யார் வேலை போகிறதோ, அவரைக் கேட்காமலே தீர்ப்பு. மேல்முறையீடு என்று பேச்சு எழுந்தபோது, நகர மேயர் என்ன செய்தார் தெரியுமா? வரவு செலவுத் திட்டத்தில் அந்தப் பதவிக்கான தொகையை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டார். முடிந்தது கதை! ஐன்ஸ்டீன் ஆதரித்தார், அறிஞர்கள் ஆதரித்தார்கள். பலன் இல்லை. கலிபோர்னியாவில் இருந்த வேலையை அவர் இதற்காக விட்டிருந்தார். போர்க்காலம். பிள்ளைகளோடு வெளிநாட்டில், கையில் வேலை இல்லாமல் நின்றார் அந்தப் பெரியவர்.

பிறகு பிலடெல்பியா பக்கத்தில் ஓர் அமைப்பில் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார். அங்கேயும் பாதியில் நிறுத்தினார்கள். வழக்குப் போட்டு வென்றார். அங்கே நடத்திய பாடங்கள்தான் 1945-இல் ‘மேற்கத்தியத் தத்துவ வரலாறு’ என்ற புகழ்பெற்ற நூலாக வந்தது. 1950-இல் அதே மனிதருக்கு இலக்கிய நோபல் பரிசு. நியூயார்க் மாணவர்களுக்குத்தான் அந்த வகுப்பு கிடைக்காமலே போனது.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன்? ரஸ்ஸலுக்குப் பேனா இருந்தது, பெயர் இருந்தது. தாங்கிக்கொண்டார். நம்ம ஊர்க் கௌரவ விரிவுரையாளருக்கு என்ன இருக்கிறது? அவரை நீக்க வழக்கு வேண்டாம், பிஷப் வேண்டாம், நீதிபதி வேண்டாம். ஜூன் மாதம் ஆணை வராது. அவ்வளவுதான்! ஏன் வரவில்லை என்று யாரும் சொல்ல வேண்டியதும் இல்லை.

இங்கேதான் நான் தத்துவத்துக்கு வருகிறேன். கணக்கு வாத்தியார் பயந்துகிட்டே பாடம் நடத்தினாலும் இரண்டும் இரண்டும் நாலுதான். ஆனா தத்துவ வாத்தியார் பயந்தா, அங்கே தத்துவமே இல்லை. ஏன்னா அவருடைய வேலையே ‘ஏன்?’ என்று கேட்பது. நீதி என்றால் என்ன, அரசு எதற்கு, சாதி எங்கிருந்து வந்தது, கடவுள் உண்டா இல்லையா என்று கேள்வியைப் பிள்ளைகள் முன்னால் வைப்பது. அவர் தலைக்கு மேல பதினோரு மாதக் கத்தி தொங்கினால், அந்தக் கேள்வி தொண்டையோடு நின்னு போகும். நிரந்தரப் பதவி என்பது சோம்பேறிக்குப் போட்ட மெத்தை இல்லை ஐயா. கேள்வி கேட்கிறவனுக்குப் போட்ட கவசம்! (கைதட்டல்)

‘நிரந்தரம்னா தூங்கிடுவாங்க’ என்று அம்மா சொன்னார்கள். சில பேர் தூங்குறாங்க. நான் மறுக்கல. நானும் ஒரு பேராசிரியர்தான், பக்கத்து நாற்காலியைப் பார்த்திருக்கேன். (சிரிப்பு) ஆனா ஒருத்தர் தூங்கறார்னா அவரை எழுப்பணும். அதுக்காக ஊர்ல உள்ள எல்லார் பாயையும் பிடுங்கிக்கிட்டு வரலாமா?

நடுவர் அவர்களே! இப்போது நான் சொல்லப் போவது சிரிக்கிற சமாசாரம் இல்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். தத்துவத் துறைக்குத் தற்காலிக விரிவுரையாளர் ஒருவர் தேவை. சைவ சித்தாந்தத் தாள் இருப்பதால், தமிழ் தெரிந்த ஒருவர் தேர்வுக் குழுவில் இருக்கட்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். ஒரே ஓர் இடம். ஒன்பது பேர் வெளியே பெஞ்சில் காத்திருக்கிறார்கள். ஒன்பது பேரும் முனைவர் பட்டம். ஆளுக்கு ஐந்து நிமிடம்.

ஐந்தாவதாக ஒரு பெண் வந்தார். நாற்பது வயதுக்கு மேலிருக்கும். கையில் ஒரு ரெக்சின் பை. பைக்குள் சான்றிதழ்கள். அதுக்கு அடியில் எட்டு ஆணைகள். அதே துறையில், அதே வேலைக்கு, எட்டு வருஷத்துக்கு எட்டு ஆணை. ஒன்பதாவதுக்கு மறுபடி நேர்காணல்! குழுவில் ஒருவர் கேட்டார், ‘உங்களுக்குப் பாடம் நடத்திய அனுபவம் உண்டா?’ அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எட்டு ஆணைகளையும் எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார்.

நான் கேட்டேன், ‘அம்மா, முதல் நாள் வகுப்பில் பிள்ளைகளிடம் என்ன சொல்லுவீங்க?’ அவர் சொன்னார், ‘சார், நான் சொல்றதை அப்படியே நம்பாதீங்க, ஏன்னு கேளுங்கன்னு சொல்லுவேன்.’ நல்ல பதில். நான் ‘சரிம்மா’ என்றேன். அவர் எழுந்தார். பையை மூடினார். கதவுகிட்டப் போனவர் திரும்பி நின்னு, கோபமே இல்லாமல் ஒரு வார்த்தை சொன்னார்: ‘ஆனா சார், இந்தக் கட்டடத்துல ஏன்னு கேட்க முடியாத ஒரே ஆள் நான்தான்.’

அவரைத்தான் தேர்ந்தெடுத்தோம். ஒன்பதாவது ஆணை. பதினோரு மாதம். சிவஞானபோதத்தில் சூத்திரம் பன்னிரண்டு. நாங்கள் கொடுத்தது பதினோரு மாதம். சூத்திரத்துக்குக்கூட ஒரு மாதம் குறைவு. அந்தக் காகிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். ‘இது என் வேலை இல்லை, நான் வெளியாள், குழுவில் ஓர் உறுப்பினர்’ என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, போக்குவரத்துப் படியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வஞ்சனை என்ற சொல்லை இந்தத் தலைப்பில் பார்த்ததும், எதிரணியைப் பார்த்து நான் விரலை நீட்டலாம். நீட்டினால் மூன்று விரல் என்னைப் பார்க்கிறது.

வள்ளுவர், ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று ஓர் அதிகாரம் எழுதினார். ‘தெரிந்து தெளிதல்’. ஆராயாமல் ஒருவரை நம்பினாலும் துன்பம். ஆராய்ந்து எடுத்த பிறகு அவர்மேல் ஐயப்பட்டாலும் துன்பம் என்கிறார். எட்டு முறை ஆராய்ந்து, எட்டு முறை தெளிந்து, ஒன்பதாவது முறையும் ‘உனக்கு அனுபவம் உண்டா?’ என்று கேட்டால் அதற்குப் பெயர் தேர்வா? ஐயம்தானே!

‘அப்போ தற்காலிக ஆசிரியரே கூடாதா?’ என்று எதிரணி எழுந்து கேட்கும். கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஓர் ஆசிரியை பேறுகால விடுப்பில் போகிறார். ஒருவர் ஆராய்ச்சிக்காக ஓராண்டு வெளியூர் போகிறார். அந்த இடத்தைத் தற்காலிகமாக நிரப்பத்தான் வேண்டும். தேவை தற்காலிகம், ஆளும் தற்காலிகம். அது நியாயம். அங்கேயும் மூன்று நிபந்தனை. எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடியும் என்று எழுத்தில் கொடு. தகுதி பார்த்து, பாடம் நடத்தச் சொல்லிக் கேட்டுத் தேர்ந்தெடு. அதே வேலைக்கு அதே சம்பளம் கொடு. ஆனால் வருஷா வருஷம் பிள்ளைகள் வருகிறார்கள், வருஷா வருஷம் பாடம் இருக்கிறது, வருஷா வருஷம் தேர்வு இருக்கிறது. ஆசிரியர் மட்டும் தற்காலிகம் என்றால், அது வசதி இல்லை ஐயா. தெரிந்தே செய்கிற வஞ்சனை! (கைதட்டல்)

‘தத்துவ வகுப்பில் ஏழு பிள்ளைகள்தானே, ஏழு பேருக்கு ஒரு நிரந்தர ஆசிரியரா?’ என்றார் தம்பி. நம்ம மணிமேகலை காப்பியத்தைப் பாருங்கள். வஞ்சி நகரத்தில் அவள் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய், ‘உங்கள் கொள்கை என்ன?’ என்று கேட்கிறாள். பல்கலைக்கழகத் தத்துவத் துறைக்கு உரிய பாடத்திட்டம் முழுக்க அந்தக் காதையில் இருக்கு. எதிலும் மனம் நிறையவில்லை. காஞ்சிக்கு வருகிறாள். அங்கே அறவண அடிகள் அவளுக்குத் தர்க்கம் சொல்லித்தருகிறார். எது சரியான அளவை, எது போலியான காரணம் என்று வகுப்பே நடக்கிறது. மாணவர் எண்ணிக்கை எத்தனை? ஒருத்தி! இந்த அறவண அடிகளை அவள் முன்பே புகாரில் பார்த்திருக்கிறாள். அப்போது அவள் சின்னப் பெண். அதற்குப் பிறகு எவ்வளவோ நடந்தது. புகாரைக் கடல் கொண்டது. ஊரே போன பிறகும், அவள் மனம் பக்குவப்பட்டுக் கேள்வியோடு வந்த நாளில், அவளுடைய ஆசிரியர் இருந்தார்!

ஆசிரியர் என்றால் அதுதான். பாடம் சொன்ன நாளில் மட்டும் இருப்பவர் இல்லை. மூணு வருஷம் கழிச்சு, ‘ஐயா, அன்னைக்கு நீங்க சொன்னது இப்பத்தான் புரியுது, ஒரு சந்தேகம்’ என்று மாணவன் திரும்பி வரும்போது, அந்த அறையில் இருப்பவர். நம்ம பிள்ளை திரும்பி வரும்போது அந்த நாற்காலியில் வேற ஒரு விருந்தாளி உட்கார்ந்திருந்தால், அவன் யார்கிட்டக் கேட்பான்?

கடைசியாக ஒன்று. செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். 1962 முதல் கொண்டாடுகிறோம். யாருடைய பிறந்தநாள்? திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன். அவர் என்ன வாத்தியார்? தத்துவ வாத்தியார்! 1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவத் துறையில் சேர்ந்தவர். அங்கிருந்து மைசூர், கல்கத்தா, 1936-இல் ஆக்ஸ்போர்டு, பிறகு குடியரசுத் தலைவர் மாளிகை. ஒரு தத்துவ ஆசிரியரின் பிறந்தநாளை நாடே மாலை போட்டுக் கொண்டாடுகிறது. அதே செப்டம்பர் 5-ஆம் தேதி, கௌரவ விரிவுரையாளர் ஒருவர் அந்தப் படத்துக்கு மாலை வாங்கி வருகிறார், பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறார், இனிப்பு கொடுக்கிறார். அவருக்கு ஜூன் மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை.

நடுவர் அவர்களே! படத்துக்கு மாலை போட நம்மிடம் பணம் இருக்கிறது. மனிதனுக்குச் சம்பளம் போடப் பணம் இல்லை என்றால், அதை வசதி என்று தீர்ப்பு எழுத உங்கள் பேனா ஒப்புமா? அந்த அம்மா கதவுகிட்ட நின்று கேட்காமல் விட்ட அந்த ‘ஏன்?’ என்ற கேள்வியை, அவருக்காக நான் இந்த மேடையில் கேட்டுவிட்டேன். பதில் சொல்ல வேண்டியது நீங்கள். வஞ்சனையே என்று நல்ல தீர்ப்புத் தாருங்கள்.

(நீண்ட கைதட்டல்)